குரங்கு கொடுத்ததா, நாம் கொடுத்ததா?

"இந்த வைரஸ் குரங்கிலிருந்து மனிதனுக்கு வந்தது" என்ற வரி செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. எய்ட்ஸ் பற்றிய கட்டுரையில் அதுதான், எபோலாவுக்கும் அதுதான், மஞ்சள் காய்ச்சலுக்கும் அதுவேதான். ஆனால் மூன்றிலும் நடந்தது வேறு வேறு. எய்ட்ஸ் விஷயத்தில் அந்த வரி உண்மை. எபோலாவில் குரங்கினமும் நம்மைப் போலவே மாட்டிக்கொண்டு சாகிறது. மஞ்சள் காய்ச்சலில் இரு தரப்பையும் கடிப்பது கொசு. இவை தவிர, நாம் அவற்றுக்குக் கொடுத்த வைரஸ்கள் என்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அதைப் பற்றி எழுதுவோர் குறைவு. எனவே எந்த வைரஸானாலும் யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எந்த வழியாக என்று கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் பிரைமேட் என்ற குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். லெமூர், தேவாங்கு, வாலுள்ள குரங்குகள், கிப்பன், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனபோ, அவற்றோடு மனிதன். சிம்பன்சியின் வழியும் நம் வழியும் பிரிந்து ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளிடமிருந்து நம் முன்னோர் பிரிந்தது சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன். அமெரிக்கக் கண்டங்களின் குரங்குகள் அதற்கும் முன்பே பிரிந்தவை.

இந்த உறவுமுறை வைரஸுக்கு ஏன் முக்கியம்? வைரஸ் தானாகப் பெருக முடியாதது. ஓர் உயிரணுவுக்குள் நுழைந்து, அந்த உயிரணுவின் கருவிகளைக் கொண்டுதான் தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. நுழைவதற்கு உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏதாவதொரு புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் புரதத்தை ஏற்பி என்கிறோம். எச்.ஐ.வி.க்கு சிடி4, சிசிஆர்5 என்ற இரண்டு புரதங்கள் தேவை. மீனிடமோ பறவையிடமோ இருக்கும் புரதங்கள் நம்முடையவற்றிலிருந்து வெகுவாக மாறுபட்டவை. சிம்பன்சியிடம் இருப்பவை நம்முடையவற்றோடு ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஒருவருக்குப் பழகிய வைரஸுக்கு மற்றவரின் உயிரணு அன்னியமாகத் தெரிவதில்லை.

நுழைந்துவிட்டால் மட்டும் போதாது. உயிரணுவுக்குள் காவல் புரதங்கள் காத்திருக்கின்றன. ரீசஸ் குரங்கின் உயிரணுவுக்குள் எச்.ஐ.வி. தாராளமாக நுழைகிறது, ஆனால் நுழைந்த கையோடு டிரிம்5 ஆல்ஃபா என்ற புரதம் அதன் புரத உறையைச் சிதைத்துவிடுகிறது. 2004இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. அதே புரதம் மனிதரிடமும் இருக்கிறது, ஆனால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் வலு நம்முடையதற்கு இல்லை. நெருங்கிய உறவினரிடையே வைரஸ் தாவுவதும் தாவாமல் போவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னஞ்சிறு வேறுபாடுகளால் தீர்மானமாகின்றன.

பரம்பரையாக வந்தவை

நமக்கும் குரங்கினங்களுக்கும் பொதுவான எல்லா வைரஸ்களும் தாவி வந்தவை அல்ல. சில, நம் முன்னோர் குரங்குகளிடமிருந்து பிரிவதற்கு முன்பே உடலில் இருந்தவை. உதட்டு ஓரத்தில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ் அப்படிப்பட்டது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் அது இருக்கிறது; பலருக்கு இருப்பதே தெரியாது. சிம்பன்சிக்கு அதன் சொந்த ஹெர்பிஸ் உண்டு, பபூனுக்கு ஒன்று, ரீசஸ் உள்ளிட்ட மக்காக் குரங்குகளுக்கு ஒன்று. குரங்கினங்கள் கிளை பிரியப் பிரிய வைரஸும் கூடவே கிளை பிரிந்திருக்கிறது.

மனிதனிடம் மட்டும் ஒரு விசித்திரம்: இதே வகையில் இரண்டு ஹெர்பிஸ் வைரஸ்கள் இருக்கின்றன. முதலாவது நம் பரம்பரைச் சொத்து. பாலுறவு மூலம் பரவும் இரண்டாவது, சுமார் 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சிம்பன்சியின் மூதாதையர் வழியிலிருந்து நம் மூதாதையருக்குத் தாவியது என்று மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. அப்போது ஹோமோ சேப்பியன்ஸ் என்ற இனமே தோன்றியிருக்கவில்லை.

இந்த ஹெர்பிஸ் குடும்பத்தில் ஒரு பாடம் இருக்கிறது. மக்காக் குரங்கிடம் உள்ள பி வைரஸ் அந்தக் குரங்குக்கு வாயில் சில புண்களைத் தரும். பெரும்பாலும் அதுவும் தராது. 1932இல் நியூயார்க்கில் ஓர் இளம் மருத்துவரின் விரலை, பார்ப்பதற்கு நலமாக இருந்த ஒரு ரீசஸ் குரங்கு கடித்தது. கடிவாயைச் சுற்றிச் சிவந்தது, பிறகு கால்களிலிருந்து மேல்நோக்கி வாதம் ஏறியது, அவர் இறந்துபோனார். அவருடைய பெயரின் முதலெழுத்தைத்தான் வைரஸுக்கு வைத்தார்கள். அதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் சேபின். பின்னாளில் போலியோ சொட்டு மருந்தை உருவாக்கியவர் அவரேதான். 1997இல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடக் குரங்கு ஒன்றின் உடலிலிருந்து ஏதோ ஒரு துளி 22 வயது ஆராய்ச்சி உதவியாளரின் கண்ணில் தெறித்தது. சில வாரங்களில் அவரும் இறந்தார். சிகிச்சை இல்லையென்றால் இந்தத் தொற்றுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இறக்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். நம் உதட்டுக் கொப்புள வைரஸ், தென் அமெரிக்காவின் சின்னஞ்சிறு மார்மோசெட் குரங்குக்குப் போனால் மூளை வரை பரவி ஒரு சில நாட்களில் கொன்றுவிடுகிறது. சொந்த வீட்டில் சாது, அடுத்த வீட்டில் கொலைகாரன். நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த வைரஸும் அதற்கு இடம் கொடுக்கும் உயிரும், அதாவது ஓம்புயிரும், ஒன்றையொன்று பொறுத்துப் போகப் பழகியிருக்கின்றன. அந்தப் பழக்கம் புதிய ஓம்புயிருக்குக் கிடையாது.

இதைப் படித்துவிட்டுக் குரங்கைக் கண்டாலே ஓட வேண்டியதில்லை. பி வைரஸ் மனிதரைத் தொற்றியதாகப் பதிவானவை இத்தனை ஆண்டுகளில் சில பத்து மட்டுமே. பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில் நேர்ந்தவை. ஆசியாவில் நாள்தோறும் எத்தனையோ பேர் மக்காக் குரங்குகளிடம் கடிபட்டும், திறந்த வெளியில் திரியும் குரங்கால் தொற்றியது மிக மிக அரிது. 2024இல் ஹாங்காங்கில் அப்படி ஒன்று பதிவானது. குரங்கு கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போவதே முறை. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசிக்காகவும் எப்படியும் போகத்தான் வேண்டும்.

பரம்பரைச் சொத்தில் இன்னும் ஆழமானது நம் மரபணுத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. அதில் ஏறத்தாழ 8 விழுக்காடு, பழங்காலத்தில் நம் முன்னோரைத் தொற்றிய ரெட்ரோவைரஸ்களின், அதாவது உயிரணுவின் மரபணுத் தொகுதிக்குள் தம்மைச் செருகிக்கொள்ளும் வைரஸ்களின், மிச்சம். விந்தணுவிலோ கருமுட்டையிலோ நுழைந்த வைரஸ் அங்கேயே பதிந்து, பிள்ளைகளுக்குக் கடத்தப்பட்டுவிட்டது. இவற்றில் பெரும்பான்மை மனிதனிலும் சிம்பன்சியிலும் அதே குரோமோசோமில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இருவருக்கும் பொது மூதாதை இருந்ததற்கு இதைவிட நேரடியான சாட்சியம் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த மிச்சங்களில் ஒன்று தரும் சின்சைட்டின் என்ற புரதம், கருவிலிருக்கும் குழந்தைக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடி உருவாக உதவுகிறது.

எச்.ஐ.வி.: ஒரு முறை நடந்ததல்ல

தாவி வந்தவற்றில் நன்றாக ஆராயப்பட்டது எச்.ஐ.வி. ஆப்பிரிக்காவின் 40க்கும் மேற்பட்ட குரங்கினங்களிடம் எச்.ஐ.வி.யின் உறவான எஸ்.ஐ.வி. என்ற வைரஸ் வகைகள் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே என்ற குரங்கின் இரத்தத்தில் அந்த வைரஸ் ஏராளமாக இருந்தாலும் பொதுவாக அதற்கு நோய் வருவதில்லை.

சிம்பன்சியும் இதை வேறொருவரிடமிருந்துதான் வாங்கிக்கொண்டது. சிம்பன்சிகள் சிறிய குரங்குகளை வேட்டையாடித் தின்பவை. சிம்பன்சியின் எஸ்.ஐ.வி.யைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு வெவ்வேறு குரங்கினங்களின் வைரஸ்கள் ஓர் உடலில் சந்தித்து, துண்டு துண்டாகக் கலந்து உருவானது என்பது தெரிகிறது. அந்தக் கலப்பு வைரஸ் பின்னர் கொரில்லாவுக்கும் போயிருக்கிறது. தான்சானியாவின் கோம்பே காட்டில் பல ஆண்டுகள் கவனித்ததில், தொற்றுள்ள சிம்பன்சிகள் இறக்கும் அபாயம் அதே வயதுள்ள மற்றவற்றைவிட 10 முதல் 16 மடங்கு கூடுதல் என்று 2009இல் தெரியவந்தது. அதாவது, சிம்பன்சிகளும் ஏறக்குறைய எய்ட்ஸால் சாகின்றன.

எச்.ஐ.வி.-1 என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் எம், என், ஓ, பி என்ற நான்கு குழுக்கள். நான்கும் நான்கு தனித்தனித் தாவல்களின் விளைவு. எம், என் இரண்டும் சிம்பன்சியிடமிருந்தும், ஓ, பி இரண்டும் கொரில்லாவிடமிருந்தும் வந்தவை. எச்.ஐ.வி.-2 என்பது முற்றிலும் வேறு கதை. அது சூட்டி மாங்கபேயிடமிருந்து பல முறை வந்தது. எம் குழுவின் தொடக்கம் கேமரூனின் தென்கிழக்கு மூலை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது சுவையான விஷயம். காட்டுச் சிம்பன்சியைப் பிடித்து இரத்தம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. எனவே காட்டுக்குள் அவை படுத்தெழுந்த இடங்களுக்குக் கீழே கிடந்த சாணத்தைப் பொறுக்கி, கெடாமல் காக்கும் திரவத்தில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தச் சாணத்திலேயே வைரஸுக்கு எதிரான நோயெதிர்ப்புப் புரதங்களும், வைரஸின் மரபுப்பொருளும், எந்தச் சிம்பன்சியுடையது என்ற அடையாளமும் இருந்தன. அப்படிக் கிடைத்த வைரஸ்களில் எம் குழுவுக்கு மிக நெருக்கமானவை அந்த மூலையில்தான் இருந்தன. முடிவுகள் 2006இல் வெளியாயின.

மனிதருக்கு வந்த வழி பெரும்பாலும் வேட்டை. பிடித்த விலங்கை அறுத்துக் கூறுபோடும்போது அதன் இரத்தம் கையிலுள்ள வெட்டுக்காயத்தில் படுகிறது. அவ்வளவுதான். அந்த வைரஸ் ஆறுகள் வழியாக அன்றைய பெல்ஜியக் காங்கோவின் லியோபோல்ட்வில் நகருக்கு, இன்றைய கின்ஷாசாவுக்கு, வந்து சேர்ந்து 1920களில் பரவத் தொடங்கியது என்று மரபணுக் கணக்கீடுகள் சொல்கின்றன. ரயிலும் படகும் ஆட்களை ஏற்றி இறக்கிய வளரும் நகரம் அது. 1959இல் அங்கே எடுத்து வைக்கப்பட்ட ஓர் இரத்த மாதிரியில் எச்.ஐ.வி. இருந்தது பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் எய்ட்ஸ் என்ற நோய் மருத்துவர்கள் கண்ணில் பட்டது 1981இல். ஏறத்தாழ 60 ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாமல் பரவியிருக்கிறது.

நான்கு குழுக்களில் எம் மட்டும் உலகையே சுற்றி வந்தது. பி குழு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடம் மட்டுமே காணப்பட்டது. இதற்கு நகரமும் ரயிலும் பாதிக் காரணம் என்றால், மீதியில் உயிரியலுக்கும் பங்கு உண்டு. புதிதாகப் பிறந்த வைரஸ்கள் உயிரணுவை விட்டு வெளியேறும்போது டெதரின் என்ற புரதம் அவற்றை உயிரணுவின் சவ்வோடு கட்டிப் பிடித்து வைக்கிறது. சிம்பன்சியின் வைரஸ் நெஃப் என்ற தன் புரதத்தால் அந்தப் பிடியை விடுவித்துக்கொள்ளும். மனித டெதரினில் நெஃப் பற்றிக்கொள்ளும் ஐந்து அமினோ அமிலத் துண்டு காணோம். எனவே அந்தத் தந்திரம் நம்மிடம் பலிக்காது. எம் குழு அதே வேலைக்கு வி.பி.யு. என்ற இன்னொரு புரதத்தைப் பழக்கிக்கொண்டது. தாவுவது வேறு, தாவிய இடத்தில் ஆளுக்கு ஆள் பரவுவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஃபோமி வைரஸ் இதற்கு மறுகோடி. குரங்குக் கடி வழியாக அது மனிதருக்கு வருகிறது, ஆயுள் முழுக்கத் தங்குகிறது. ஆனால் அதனால் நோய் வந்ததாகவோ, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியதாகவோ இதுவரை பதிவில்லை.

குரங்கும் பலியாவது

மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை வணிகக் கப்பல்களோடு அமெரிக்கக் கண்டங்களுக்குப் போனது. ஆப்பிரிக்கக் குரங்குகள் அந்த வைரஸோடு காலம் தள்ளப் பழகியவை, பெரிதாக நோய்வாய்ப்படுவதில்லை. தென் அமெரிக்காவில் காடதிர அலறும் ஹவ்லர் குரங்குகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கொசு கடித்ததும் கூட்டம் கூட்டமாக மரத்திலிருந்து விழுந்து சாகின்றன. 2016 இறுதியில் தொடங்கிப் பிரேசிலின் தென்கிழக்கில் அப்படி ஆயிரக்கணக்கில் இறந்தன. குரங்குகள்தாம் நோயைப் பரப்புகின்றன என்று நம்பிச் சிலர் உயிரோடிருந்தவற்றையும் அடித்துக் கொன்றார்கள். பரிதாபம் என்னவென்றால், குரங்கு இறந்து விழுவதுதான் அந்தப் பகுதி மக்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்பதற்கான முதல் எச்சரிக்கை. அதையே அழித்தால் எச்சரிக்க யாரும் இல்லை.

1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டிலும் முதலில் கவனத்தை ஈர்த்தது இறந்து கிடந்த மந்திகளும் குரங்குகளும்தான். குரங்குக் காய்ச்சல் என்று பெயர் வந்துவிட்டது, கடத்துவது உண்ணி. இறந்த குரங்கின் உடலிலிருந்து உண்ணிகள் கீழே உதிர்ந்து, அந்தப் பக்கம் நடப்பவர்மேல் ஏறுகின்றன. எபோலாவும் இந்த வரிசையில்தான். அதன் இருப்பிடம் வௌவால்கள் என்றே பலமாகக் கருதப்படுகிறது. 2002, 2003 ஆண்டுகளில் காங்கோ குடியரசின் லோசி சரணாலயப் பகுதியில் மட்டும் சுமார் 5,000 கொரில்லாக்கள் எபோலாவால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். குரங்கம்மையிலும் குரங்குக்கு இருப்பதைவிட எலி, அணில் வகைகளுக்கே அதிகப் பங்கு இருப்பதாகத் தெரிகிறது. 1958இல் கோபன்ஹேகன் ஆய்வுக்கூடக் குரங்குகளிடம் முதலில் கண்டதால் வந்த பெயர் அது.

ஆய்வுக்கூடம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1955இல் தொடங்கிய போலியோ தடுப்பூசிக்கான வைரஸை ரீசஸ் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்த்தார்கள். அந்த உயிரணுக்களில் எஸ்.வி.40 என்ற வேறொரு வைரஸ் ஒளிந்திருந்தது. ரீசஸ் உயிரணுவில் அது எந்த அறிகுறியும் காட்டாது. 1960இல் அதே திரவத்தை ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் உயிரணுக்கள்மேல் ஊற்றிப் பார்த்தபோது, அவை நுரை நுரையாகக் குமிழிகள் நிரம்பி வீங்கின. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் கோடிக்கணக்கானோர் ஊசி போட்டிருந்தார்கள். பின்னர் சோதித்து அகற்றினார்கள். 1963க்குப் பிறகு அமெரிக்கத் தடுப்பூசிகளில் அது இல்லை. ஊசி போட்டவர்களிடம் அதனால் புற்றுநோய் கூடியதாக நீண்டகாலக் கண்காணிப்பில் உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் உயிருள்ள பொருளிலிருந்து செய்யும் எந்த மருந்தையும் அன்னிய வைரஸுக்காகச் சோதிக்க வேண்டும் என்ற விதி இறுகியதில் இந்தச் சம்பவத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நாம் கொடுத்தவை

2013இல் உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் கன்யவாரா என்ற சிம்பன்சிக் கூட்டம் இருமத் தொடங்கியது. 56 சிம்பன்சிகளில் ஐந்து இறந்தன. பெட்டி என்ற இரண்டு வயதுக் குட்டியின் உடல் உடனே கிடைத்ததால் பிரேதப் பரிசோதனை செய்ய முடிந்தது. நுரையீரலில் இருந்தது ரைனோவைரஸ் சி. மனிதக் குழந்தைகளுக்குச் சளி பிடிக்கவைக்கும் வைரஸ். நமக்கு மூக்கு ஒழுகும் சமாசாரம்.

இந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் பெயர் சிடிஹெச்ஆர்3. அந்தப் புரதத்தின் 529ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருந்தால் வைரஸ் எளிதாக நுழைந்துவிடும். மனிதரிடையே பரவலாக இருப்பது, அந்த இடத்தில் சிஸ்டீன் வந்துவிட்ட வடிவம். அதில் வைரஸுக்கு அவ்வளவு பிடி கிடைப்பதில்லை. பழைய வடிவம் இருக்கும் குழந்தைகளுக்குக் கடுமையான ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடுதல். சோதித்த சிம்பன்சிகள் அனைத்திலும் இருந்தது பழைய வடிவம்தான். ஒரே ஓர் அமினோ அமிலம் நம்மில் பலரைக் காத்திருக்கிறது. அவற்றிடம் அந்த மாற்றம் நிகழவே இல்லை.

இது தனிச் சம்பவமும் இல்லை. ஐவரி கோஸ்ட்டில் தாய் (Taï) என்ற பெயர் கொண்ட காட்டில் 1999 முதல் 2006 வரை சிம்பன்சிகளைக் கொன்ற மூச்சுத்தொற்றுகளுக்குக் காரணம் மனிதரின் ஆர்.எஸ்.வி., மெட்டாநியூமோ வைரஸ் இரண்டும் என்று தெரியவந்தது. 1966இல் கோம்பே சிம்பன்சிகளைப் போலியோ போன்ற ஒரு நோய் முடமாக்கியது. 2021 ஜனவரியில் சான் டியேகோ விலங்குப் பூங்காவின் கொரில்லாக்களுக்குக் கோவிட் வந்தது. தாய் காட்டு ஆய்வாளர்களின் சங்கடம் இன்னும் கூர்மையானது: மனிதர் தங்கி ஆராயும் பகுதியில் வேட்டைக்காரர்கள் வரப் பயப்படுவதால் சிம்பன்சிகள் அங்கேதான் அதிகம் பிழைத்திருக்கின்றன. காப்பாற்றும் ஆட்களே சளியையும் கொண்டுவருகிறார்கள். விலகிப் போவதா, தங்குவதா என்ற கேள்விக்கு, முகக்கவசம் அணிந்து தங்குவது என்பதே இப்போதைய விடை.

பிரேசிலில் நடப்பது இன்னொரு விதம்: அங்கே நாம் குரங்குக்குக் கொடுப்பது தடுப்பூசி. அதன் கதை ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. 1927இல் ஆப்பிரிக்காவின் கானாவில் மஞ்சள் காய்ச்சல் கண்ட ஒருவரின் இரத்தத்தை ரீசஸ் குரங்குக்குச் செலுத்தி அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதை வலுவிழக்கச் செய்து மேக்ஸ் தைலர் குழுவினர் 1937இல் உருவாக்கியதே 17டி தடுப்பூசி. தைலருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வந்த தடுப்பூசியை இப்போது பிரேசிலின் அட்லாண்டிக் காடுகளில் அழிவின் விளிம்பில் இருக்கும் தங்கச் சிங்கத் தாமரின் குரங்குகளைப் பொறி வைத்துப் பிடித்து, போட்டு, மறுபடி மரத்தில் விடுகிறார்கள்.

மலைக் கொரில்லாக்களோ 2018 கணக்கெடுப்பின்படி ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்தன. அவற்றைப் பார்க்கப் போகும் பயணிகளுக்கு விதிகள் கடுமை: முகக்கவசம், குறைந்தது ஏழு மீட்டர் விலகல், முடிந்தால் பத்து. காய்ச்சலோ இருமலோ இருந்தால் அனுமதி கிடையாது. கொரில்லா தானே நெருங்கி வந்தாலும் பின்வாங்க வேண்டியவர் பயணிதான்.